எலும்புச் சிமெண்டின் ஆபத்தான நிமிடங்கள்

முதியவர்களின் இடுப்பு மூட்டில் செயற்கைப் பந்தைச் சிமெண்ட் வைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சையில், உயிருக்கு ஆபத்தான கட்டம் கத்தி வைக்கும் நேரம் அல்ல. தொடை எலும்பின் உள்குழலில் சிமெண்டை நிரப்பி, அதற்குள் உலோகத் தண்டை அழுத்தி இறக்கும் சில நிமிடங்கள்தான். அதுவரை சீராக இருந்த இரத்த அழுத்தம் அப்போது திடீரெனச் சரியலாம். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையலாம். முதுகில் ஊசி போட்டு, விழித்த நிலையில் படுத்திருக்கும் நோயாளி மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு நினைவிழக்கலாம். இதயம் நின்றும் போகலாம். மருத்துவ நூல்கள் இதை ஒரு தனி நோய்க்குறித் தொகுப்பாகவே வகுத்திருக்கின்றன. உலகம் இந்த ஆபத்தை அறிந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சேத்தூர் போன்ற ஊர்களை அது வந்தடைந்தது மிகப் பின்னால்தான். அந்த அறுவை சிகிச்சையே அங்கு எட்டாமல் இருந்தது அதற்குக் காரணம்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கும் பழைய ஜமீன் ஊர் சேத்தூர். 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், பிறகு இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்த பகுதி இது. 1985இல் பிரிக்கப்பட்ட மாவட்டத்தோடு சேர்ந்து இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஜில்லா எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டே திசைதான். வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் மதுரை, தெற்கே திருநெல்வேலி. மதுரையின் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி 1940இல் வந்தது. இன்று அது அரசு இராஜாஜி மருத்துவமனை. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும் தொடங்கின. அதற்கு முன்பு சேத்தூரிலோ பக்கத்துத் தேவதானத்திலோ ஒரு மூதாட்டி முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால், நாட்டு வைத்தியரின் கட்டைவிட்டால் வேறு போக்கில்லை.

கை முறிவுக்கும் கணுக்கால் முறிவுக்கும் அந்தக் கட்டு பெரும்பாலும் கைகொடுத்தது. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, பச்சிலைச் சாறு எல்லாம் சேர்ந்து முறிந்த எலும்பை அசையாமல் பிடித்துவைத்தன. எலும்பு தானாகக் கூடியது. தொடை எலும்பின் கழுத்து அப்படிக் கூடுவதில்லை. அது சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது. எந்தப் பத்தையும் அதைப் பிடித்து நிறுத்தாது. சுற்றியுள்ள தசைகள் இழுப்பதால் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. எலும்பின் பந்துப் பகுதிக்குப் போகும் இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுபடும், பந்து செத்துப்போகும். எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் செத்த எலும்பு ஒட்டாது. விழுந்தவர் படுத்த படுக்கையாவார். முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி, சிறுநீரில் கிருமி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில மாதங்களில் போய்ச் சேர்ந்தவர்களே அதிகம். வயதானவர் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று கிராமங்களில் சொல்லப்பட்டது வெறும் பயத்தால் அல்ல. கண்ணால் கண்ட அனுபவம் அது.

ஒட்டாத பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்தை வைக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1890–91இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக், யானைத் தந்தத்தில் கடைந்த மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார். தந்தத்தை எலும்பில் பதிக்கக் குங்கிலியம் போன்ற ஒரு பிசினையும் நுரைக்கல் தூளையும் ஜிப்சத்தையும் கலந்து ஒரு கலவை செய்தார். எலும்புச் சிமெண்டின் முதல் வடிவம் அதுதான். அவருடைய நோயாளிகளில் பலருக்கு மூட்டில் காசநோய் இருந்ததால் சீழ் பிடித்து முயற்சி தோற்றது. 1946இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பந்தைப் பொருத்தினார்கள். அது தேய்ந்து உடைந்தது. அமெரிக்காவில் ஆஸ்டின் மூர் உலோகப் பந்தும் நீண்ட தண்டும் ஒன்றாக அமைந்த ஒரு சாதனத்தை உருவாக்கினார். 1950களில் அது செம்மையடைந்தது. சிமெண்ட் இல்லாமல், தண்டைச் சுத்தியலால் தட்டி எலும்புக் குழலுக்குள் இறுக்கினால் போதும். விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும். இந்திய அரசு மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது இந்த மூர் சாதனம்தான். ஆனால் வயதானவரின் எலும்பு உள்ளே அகன்று, சுவர் மெலிந்திருக்கும். தட்டி இறக்கிய தண்டு நாளடைவில் தளர்ந்து ஆடும். ஒவ்வொரு அடிக்கும் தொடையில் வலி எடுக்கும். சில சமயம் தட்டும்போதே எலும்பு பிளந்துவிடும்.

சிமெண்ட் வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையின் ஜான் சார்ன்லி, மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித்தின் யோசனைப்படி, பல்செட் செய்யும் அக்ரிலிக்கை எடுத்துக்கொண்டார். 1958இல் அதை வைத்து உலோகத் தண்டைத் தொடை எலும்பில் பதிக்கத் தொடங்கினார். 1960இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நியூயார்க்கில் எட்வர்ட் ஹபூஷ் போன்ற ஓரிருவர் அவருக்கு முன்பே இதை முயன்றிருந்தார்கள். சார்ன்லி அதன் தத்துவத்தைச் சரியாகப் பிடித்தார். இந்தப் பொருள் பசை அல்ல, எதையும் ஒட்டாது. எலும்பின் பஞ்சு போன்ற இடுக்குகளில் புகுந்து இறுகி, தண்டின் பாரத்தை எலும்பு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பந்து அமரும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்கு அவர் முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். சுமார் 300 நோயாளிகளில் அது தேய்ந்து உதிர்ந்தது. அந்தத் தோல்வியை மறைக்காமல், ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகு அவருடைய முறை உலகெங்கும் பரவியது.

சிமெண்ட் தயாராகும் விதத்தில்தான் ஆபத்தின் முதல் நுனி இருப்பதாக ஆரம்பத்தில் நினைத்தார்கள். 40 கிராம் வெள்ளைத் தூள் ஒரு பொட்டலத்தில், 20 மில்லி திரவம் ஒரு கண்ணாடிக் குப்பியில் வரும். தூள், மூலக்கூறுகள் ஏற்கெனவே சங்கிலியாகக் கோத்த அக்ரிலிக். திரவம் இன்னும் கோக்காத மூலப்பொருள். இரண்டையும் கலந்தால் நெயில் பாலிஷ் போன்ற காட்டமான வாடை எழும். முதலில் பால்போல ஓடும். பிறகு கையுறையில் ஒட்டும். ஒட்டாமல் மாவுப் பதத்துக்கு வந்ததும் எலும்புக்குள் செலுத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சூடேறி இறுகிவிடும். அறை வெப்பம் கூடினால் இந்தக் காலம் இன்னும் சுருங்கும். அதனால் கோடை கடுமையான தென்மாவட்டங்களில் தியேட்டரின் குளிர்சாதனம் வசதிக்கான பொருள் அல்ல. சிமெண்டை முன்கூட்டியே குளிர்பெட்டியில் வைத்து எடுக்கும் பழக்கமும் இதனால் வந்ததுதான்.

1970இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், எலும்புச் சிமெண்டோடு தொடர்புடைய இதய நிறுத்தம் பற்றிய அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டு சார்ன்லியும் இந்தச் சிமெண்டைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு சிமெண்டுக்கு அனுமதி கொடுத்தது. பலன் பெரிது, மரணம் அபூர்வம் என்பதால் முறை நிற்கவில்லை. காரணத்தைத் தேடும் வேலை மட்டும் தொடர்ந்தது. முதல் சந்தேகம் அந்தத் திரவத்தின்மேல் விழுந்தது: கோக்காத மூலப்பொருள் இரத்தத்தில் கசிந்து, குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்குகிறது என்றார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் அளந்து பார்த்தபோது அது அவ்வளவு தீங்கு செய்யும் அளவில் இல்லை.

உண்மையான காரணம் அழுத்தம் என்பது மெல்லத் தெளிவானது. தொடை எலும்பின் குழல் கீழே அடைபட்டது. உள்ளே மஜ்ஜையும் கொழுப்பும் இரத்தமும் நிறைந்திருக்கும். மேலிருந்து சிமெண்டைத் திணித்துத் தண்டை இறக்கும்போது, முறுக்கு உழக்கை அழுத்தினால் மாவு துளை வழியே பிதுங்குவதுபோல, அந்தக் கொழுப்பும் மஜ்ஜையும் எலும்புத் துணுக்கும் காற்றும் சிரைகளுக்குள் தள்ளப்படுகின்றன. அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், அதிலிருந்து நேராக நுரையீரல். உணவுக்குழாய் வழியே எக்கோ கருவியைச் செலுத்திப் பார்க்கும் வசதி வந்ததும், தண்டு இறங்கும் அதே கணத்தில் வலது இதய அறைகளில் வெண்புள்ளிகள் கொட்டுவதை மருத்துவர்கள் திரையிலேயே கண்டார்கள். நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, உடலின் வேதிப்பொருள்களால் சுருங்கவும் செய்கின்றன. மெல்லிய சுவர் கொண்ட வலது அறை அந்த எதிர்ப்பைத் தாங்காமல் வீங்குகிறது. இடது அறைக்குப் போதிய இரத்தம் வந்து சேர்வதில்லை. இளைய இதயம் இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே பலவீனமான இதயம் சமாளிப்பதில்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1969 முதல் 1997 வரை செய்த 38,488 இடுப்பு மாற்று அறுவைகளைப் புரட்டிப் பார்த்து 1999இல் வெளியிட்ட கணக்கு இதை உறுதிசெய்தது. அறுவையின்போதே இறந்தவர்கள் 23 பேர். அத்தனை பேரும் சிமெண்ட் வைத்தவர்கள். நுரையீரலை ஆய்வு செய்ய முடிந்த 13 பேரில் 11 பேரிடம் மஜ்ஜைத் துகள்கள் அடைத்திருந்தன. சிமெண்டின் துகள் காணப்பட்டது மூவரிடம் மட்டுமே. ஆளைக் கொன்றது பெரும்பாலும் சிமெண்ட் என்ற பொருள் அல்ல, அது உள்ளிருந்து வெளியே தள்ளியதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நீண்ட காலம் இந்த நிலைக்குப் பொதுவான வரையறை இல்லாமல் இருந்தது. ஒரு மருத்துவமனை சாதாரண அழுத்தச் சரிவாக எழுதியதை இன்னொன்று ஆபத்தாக எழுதியது. 2009இல் பிரிட்டனில் டொனால்ட்சனும் சக மருத்துவர்களும் மூன்று படிநிலைகளை வகுத்தார்கள். ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ, மேல் இரத்த அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ முதல் நிலை. ஆக்சிஜன் 88க்குக் கீழே, அல்லது அழுத்தம் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சரிவு, அல்லது எதிர்பாராத நினைவிழப்பு என்றால் இரண்டாம் நிலை. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டிய கட்டம் மூன்றாவது. இந்த அளவுகோலை வைத்துச் சுவீடனில் 1,016 எலும்பு முறிவு நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். முதல் நிலை 21 விழுக்காட்டினருக்கும், இரண்டாவது 5.1 விழுக்காட்டினருக்கும், மூன்றாவது 1.7 விழுக்காட்டினருக்கும் வந்திருந்தது. மூன்றாம் நிலையை எட்டியவர்களில் 88 விழுக்காட்டினர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். இரண்டாம் நிலையில் 35 விழுக்காட்டினர். லேசான வடிவம் நான்கைந்து பேரில் ஒருவருக்கு வருகிறது என்பதை அதுவரை யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கவில்லை. அபூர்வம் என்று ஒதுக்கிவந்த ஒன்று, கவனித்துப் பார்த்தால் அன்றாடம் நடப்பது என்று தெரிந்தது.

இந்தியாவில் முழு இடுப்பு மாற்றின் முன்னோடி பம்பாயைச் சேர்ந்த கே. டி. தோலாக்கியா. சென்னையில் அவர் காலத்து எலும்பு மருத்துவர்களின் பெரும்பொழுது இடுப்பு மூட்டுக் காசநோய்க்கே போனது. பி. வி. ஏ. மோகன்தாஸ் போன்றவர்கள் தனியார் துறையில் மூட்டு மாற்றைப் பரப்பினார்கள். ஆனால் மாவட்ட மருத்துவமனைகளின் வார்டுகளில் இடுப்பு முறிந்த முதியவர்கள் பெரும்பாலும் காலில் எடை கட்டி இழுத்த நிலையில் காத்திருந்தார்கள். முறை வந்தால் மூர் சாதனம் வைப்பார்கள். இதனால் சிமெண்டின் ஆபத்தை அவர்கள் சந்திக்கவில்லை. சிமெண்டின் நன்மையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்நாளைய தியேட்டரில் மயக்க மருந்து டாக்டரின் கருவிகள் நாடித்துடிப்பின் மேல் வைத்த விரலும், ஸ்டெதஸ்கோப்பும், அழுத்தம் பார்க்கும் பட்டையும்தான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி பரவலாகும் முன் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரித்தறிவது நடவாத காரியம்.

நிலைமை மாறியது இந்த நூற்றாண்டில். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. மூட்டு மாற்றும் அதில் அடங்கும். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. சேத்தூர்க்காரருக்கு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் முன்னால் நிற்க ஓரிடம் மாவட்டத்துக்குள்ளேயே கிடைத்தது. காப்பீட்டு அட்டையோடு வரும் எண்பது வயதுக்காரருக்குச் சிமெண்ட் வைத்துச் செயற்கைப் பந்து பொருத்துவது இன்று வழக்கமான அறுவை. அதோடு அந்தச் சில நிமிடங்களும் வழக்கமாகிவிட்டன.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பது இப்போது தெரிந்த செய்தி. மிக முதிர்ந்த வயது, இதயமோ நுரையீரலோ முன்பே பழுதானவர்கள், எலும்பு தேய்ந்து அகன்றவர்கள், எலும்பில் புற்றுநோய் பரவி முறிந்தவர்கள், நீர் இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். மூட்டுத் தேய்மானத்துக்காகத் திட்டமிட்டு வருபவரின் எலும்பு கெட்டியானது; விழுந்து முறிந்து வருபவரின் எலும்பில் கொழுப்பும் அகன்ற சிரைகளும் அதிகம். அதனால்தான் ஒரே அறுவை இருவருக்கும் ஒரே ஆபத்தைத் தருவதில்லை.

சேத்தூர் வட்டாரத்தில் இந்தப் பட்டியலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: தாமதம். விழுந்த அன்று எண்ணெய் தேய்ப்பது, மறுநாள் கட்டு போடுவது, கால் ஊன்ற முடியவில்லை என்று தெரிந்த பிறகு எக்ஸ்ரே, அதன் பிறகு ஆஸ்பத்திரி, காப்பீட்டு அனுமதி, இதயப் பரிசோதனை. பிரிட்டனில் 36 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அறுவை இங்கே நாள்கணக்கில் தள்ளிப்போகிறது. அந்த நாள்களில் படுத்திருக்கும் மூதாட்டி, மலஜலத்துக்குப் பிறரை எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். காலின் சிரைகளில் இரத்தம் உறைகிறது. உடலில் நீர் வற்றுகிறது. முதுகில் ஊசி போட்டதும் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதன் மேல் சிமெண்டும் இறங்கினால் தாங்கும் பலம் எங்கிருந்து வரும்? அறுவை மேசைக்கு வருவதற்கு முந்தைய நாள்களில் ஏற்றப்படும் சலைன் பாட்டிலுக்கு உள்ள மதிப்பு இதனால்தான் பெரிது.

தடுப்பு முறைகள் எளிய கைவேலைகளிலிருந்து தொடங்குகின்றன. எலும்புக் குழலை உப்பு நீரைப் பீய்ச்சிக் கழுவிக் கொழுப்பை வெளியேற்ற வேண்டும். அப்படிக் கழுவினால் உள்ளே தள்ளப்பட மிஞ்சுவது குறைவு. பிறகு நீண்ட நாடா போன்ற காஜ் துணியைக் குழலுக்குள் அடுக்கடுக்காக அடைத்து, இரத்தம் ஊறியதும் உருவி, உலர்ந்த துணியை மீண்டும் அடைக்க வேண்டும். கடைசித் துணியை எத்தனை முறை எண்ணினாலும் தகும். உள்ளே ஒன்று மறந்துபோனால் அது வேறு வகை விபத்து. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் பல பத்தாண்டுகளாக நெய்துவருவது இத்தகைய பேண்டேஜ், காஜ் துணிகளைத்தான். தறிச் சத்தம் ஓயாத அந்த ஊர்களிலிருந்து இந்தியாவின் பல மூலைகளுக்கும் அவை போகின்றன. அந்தத் தொழில் இந்த அறுவையின் மிகக் கவனமான படியோடு நேரடியாக இணைந்திருப்பது, சொல்லப்படாமல் விடக்கூடாத ஒன்று.

குழலின் கீழ்முனையை ஒரு தக்கையாலும் அடைக்கிறார்கள். சிமெண்டைக் கையால் மேலிருந்து திணிப்பது பழைய முறை. இப்போது துப்பாக்கி போன்ற கருவியின் நீண்ட மூக்கைக் கீழே வரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்புகிறார்கள். கூடவே ஒரு மெல்லிய உறிஞ்சுக் குழாயை உள்ளே வைத்தால் அடைபட்ட காற்றும் இரத்தமும் வெளியேற வழி கிடைக்கும். மிகவும் பலவீனமானவருக்கு அழுத்தித் திணிக்கவே கூடாது.

பிரிட்டனில் 2003 அக்டோபர் முதல் 2008 அக்டோபர் வரை இத்தகைய 26 மரணங்கள் நோயாளிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பிடம் பதிவானதும் 2009இல் எச்சரிக்கை விடப்பட்டது. 2015இல் எலும்பு மருத்துவர்களும் மயக்கவியல் மருத்துவர்களும் முதியோர் மருத்துவர்களும் சேர்ந்து வழிகாட்டு நெறி வெளியிட்டார்கள். அதன் சாரம் பேச்சில் இருக்கிறது. சிமெண்ட் வைக்கப் போகிறேன் என்று அறுவை மருத்துவர் உரக்கச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து டாக்டர் அதைக் காதில் வாங்கியதாகத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குள் ஆக்சிஜனைக் கூட்டி, அழுத்தத்தைப் பழைய அளவுக்கு அருகில் நிறுத்தி, அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக் கையருகே வைத்திருக்க வேண்டும். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் அறிகுறி, வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு சட்டெனக் குறைவது. விழித்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் சிறந்த மானி: பாட்டி, பேரன் பேர் என்ன என்ற கேள்விக்குப் பதில் குழறினால் உடனே செயல்பட வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது சிமெண்டையே விட்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் 60 வயதைக் கடந்த 1,225 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2022இல் இதற்கு விடை தந்தது. சிமெண்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் நான்கு மாதத்தில் மேலாக இருந்தது. தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிவது சிமெண்ட் வைத்தவர்களில் 0.5 விழுக்காடு, வைக்காதவர்களில் 2.1 விழுக்காடு. ஆகவே பொது வழக்கு சிமெண்ட்தான். இதயமோ நுரையீரலோ தாங்காது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு மட்டும் சிமெண்ட் இல்லாத தண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முடிவைக் குடும்பத்தாரிடம் விளக்கிய பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அழுத்தம் சரிந்து மீண்டவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்கிறார்கள். நுரையீரல் அழுத்தம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். சிக்கல் இல்லாதவர் மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கலாம். சம்மணமிட்டு உட்காருவதையும் குத்தவைப்பதையும் தவிர்க்க வேண்டும். வீட்டில் மேற்கத்திய கழிப்பறையோ, அது இல்லையென்றால் நடுவில் துளையிட்ட நாற்காலியோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.